அப்டேட்டுக்குப் பிறகு திறக்காத நெட்வொர்க் டிரைவ்: டிஸ்க்கை மாற்றும் முன்

கேள்வி, 2025 ஜனவரி 11

"ரவுட்டர் பக்கத்தில் ஒரு சின்ன நாஸ் பெட்டி (வீட்டில் எல்லாரும் நெட்வொர்க் வழியாகப் பகிரும் டிஸ்க் பெட்டி) வைத்திருக்கிறோம். அப்பா காலத்துப் படங்கள், குழந்தைகளின் வீடியோ, கடைக் கணக்கு எல்லாம் அதில்தான். போன வாரம் என் லேப்டாப் (விண்டோஸ் 11 ப்ரோ) அப்டேட் ஆனது. அன்றிலிருந்து அந்தப் பெட்டியைக் காட்டும் இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி. திறந்தால் நெட்வொர்க் பாத் கிடைக்கவில்லை என்கிறது. மனைவியின் விண்டோஸ் 10 லேப்டாப்பில் திறக்கிறது, ஆனால் பெரிய வீடியோ காப்பி போட்டால் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறுவதே இல்லை. கடையில் கேட்டால் டிஸ்க் போகப்போகிறது, மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். வாங்கிவிடவா?"

ஜனவரி 11, இரவு

வாங்காதீர்கள். இப்போதைக்கு அந்தப் பெட்டியை ரீசெட் செய்வதும் வேண்டாம், "இனிஷியலைஸ்" என்று எது கேட்டாலும் சரி சொல்லவும் வேண்டாம். வீட்டு நாஸில் கோளாறால் அழிந்த ஃபைலைவிட, கோளாறைச் சரிசெய்யப் போய் அழிந்த ஃபைல்தான் நான் பார்த்தவரை அதிகம்.

ஒரே பெட்டி ஒரு லேப்டாப்பில் திறக்கிறது, இன்னொன்றில் திறக்கவில்லை என்றால் டிஸ்க் மேல் பழி போட இடமில்லை. அதோடு நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். உங்கள் லேப்டாப் உள்ளே போக முடியாதது ஒன்று. உள்ளே போன லேப்டாப்பில் வேகம் வராதது இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் கடைக்காரர் டிஸ்க் என்கிறார்.

அந்த 11 என்ற எண்ணைப் பாருங்கள். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 100 மெகாபிட் இணைப்பை எட்டால் வகுத்தால் 12.5 எம்பி. நெட்வொர்க்கின் சொந்தத் தேவைக்குப் போக 11, 12 கிடைக்கும். கிகாபிட் இணைப்பில் அதுவே 110 பக்கம் வரும். போகப்போகிற டிஸ்க் இப்படி ஒரே வேகத்தில் சீராக ஓடாது. 60-க்கு ஏறும், சட்டென்று பூஜ்யத்துக்கு விழும், அங்கேயே நிற்கும், மறுபடி ஏறும், டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தமும் வரலாம். கோடு கிழித்த மாதிரி 11-ல் நிற்கிறது என்றால் முதலில் கேபிளைப் பாருங்கள்.

அப்டேட் விஷயம் நாளை.

ஜனவரி 12

வந்த அப்டேட் 24எச்2 ஆகத்தான் இருக்கும். 2024 அக்டோபரில் வெளியானது, எல்லா லேப்டாப்புக்கும் ஒரே நாளில் போகவில்லை, படிப்படியாகத்தான் போனது. அதில் எஸ்எம்பி (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிர விண்டோஸ் பயன்படுத்தும் முறை) தொடர்பாக இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, ஒவ்வொரு இணைப்பும் கையெழுத்திட்டதாக, அதாவது "சைனிங்" உள்ளதாக இருக்க வேண்டும் என்று விண்டோஸ் இப்போது கட்டாயமாகக் கேட்கிறது. இரண்டாவது, ப்ரோ பதிப்பில் கெஸ்ட்டாக, பாஸ்வேர்டு இல்லாமல், உள்ளே போகும் வழியை அடைத்துவிட்டார்கள்.

இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. சைனிங்குக்கான சாவி உங்கள் பாஸ்வேர்டிலிருந்துதான் உருவாகிறது. கெஸ்ட்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாது, அதனால் சாவியும் கிடையாது. நம் வீடுகளில் பாதிப் பெட்டி "எல்லாரும் திறக்கலாம்" என்ற கெஸ்ட் அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருப்பதால்தான் இந்த அப்டேட் இத்தனை பேரைப் பிடித்தது. ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் பென் டிரைவ் செருகி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது பெட்டியில் இருக்கிறது, லேப்டாப்பில் இல்லை. மனைவியின் லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து நாஸின் நிர்வாகப் பக்கத்துக்குப் போங்கள். உங்கள் பெயரில் ஒரு யூசரை உருவாக்கிப் பாஸ்வேர்டு வையுங்கள். அந்த ஷேர் ஃபோல்டரில் அந்த யூசருக்குப் படிக்க, எழுத இரண்டு அனுமதியும் கொடுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தால் போடுங்கள். எஸ்எம்பி அமைப்பில் குறைந்தபட்சம் 2, அதிகபட்சம் 3 என்று வைத்து, சைனிங் என்ற வரி இருந்தால் அதையும் இயக்குங்கள்.

பிறகு உங்கள் லேப்டாப்பில் பழைய இசட் டிரைவைத் துண்டித்துவிட்டு, கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் போய் நாஸ் பெயரிலும் அதன் ஐபியிலும் சேமித்திருக்கும் பழைய பதிவுகளை நீக்குங்கள். இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் "சரியான பாஸ்வேர்டு போட்டும் உள்ளே விடவில்லை" என்று திரும்பி வருகிறார்கள். விண்டோஸ் சத்தமில்லாமல் பழையதையே அனுப்பிக்கொண்டிருக்கும். புதிதாகக் கேட்கும்போது வெறும் யூசர் பெயரை மட்டும் போடாமல், பெட்டியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, அப்புறம் யூசர் பெயர் என்று போடுங்கள். லேப்டாப்பைத் திறக்கும் நான்கு இலக்கப் பின் எண் இங்கே செல்லாது. வீட்டில் பெரியவர்கள் பலர் அதைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஜனவரி 12, மாலை

நடுவில் ஒருவர் "எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யுங்கள், எனக்கு அதில்தான் வேலை செய்தது" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது அந்தப் பழைய எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1-ஐப் புது நிறுவல்களிலிருந்து படிப்படியாக விலக்கத் தொடங்கினார்கள். பெட்டி எஸ்எம்பி 1 மட்டும்தான் பேசும் என்றால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போடலாமா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் ஒரு வரி கொடுத்தால் சைனிங் கட்டாயத்தையும் கெஸ்ட் தடையையும் தளர்த்தலாம் என்பது உண்மை. படங்களை வெளியே எடுக்க வேறு வழியே இல்லை என்ற நிலையில் ஒரு மணி நேரம் தளர்த்தி, எடுத்து முடித்ததும் மூடுங்கள். அதை நிரந்தரத் தீர்வாகச் சொல்லித்தரும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. வீட்டில் ஒரு லேப்டாப்பில் ஏதோ புகுந்தால் அது முதலில் தேடிப் போவது இந்த ஷேர் ஃபோல்டரைத்தான்.

ஜனவரி 14

கேபிள்.

மச்சான் வீட்டில் இதே கதை. மாடியில் கம்ப்யூட்டர், கீழே நாஸ், நடுவே சுவரோரமாகப் போன கேபிள். அவனுக்கும் 11-தான். ரவுட்டரை மாற்றினான், கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கினான், ஒன்றும் அசையவில்லை. நான் போனபோது ஸ்விட்சின் முன்னால் உட்கார்ந்து விளக்குகளைத்தான் பார்த்தேன். நாஸ் போகும் துளையில் பச்சை. மாடிக்குப் போகும் துளையில் ஆரஞ்சு. அந்த ஸ்விட்சில் ஆரஞ்சு என்றால் 100. (எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நிறம் கிடையாது, அட்டைப்பெட்டியில் வந்த தாளைப் பாருங்கள்.) மாடிக் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்தால், ஒளி ஊடுருவும் அந்தப் பிளாஸ்டிக்குக்குள் பழுப்புக் கம்பி மட்டும் முனை வரை வராமல் பாதியில் நிற்கிறது. ஓரத்தில் இருக்கும் எட்டாவது கம்பி. கனெக்டரைப் பொருத்தியவர் அவசரத்தில் கொஞ்சம் குட்டையாக வெட்டியிருக்கிறார்.

100 மெகாபிட்டுக்கு ஆரஞ்சு, பச்சை ஜோடிகள் போதும். கிகாபிட்டுக்கு நீலம், பழுப்பு உட்பட நான்கு ஜோடியும், எட்டுக் கம்பியும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒன்று தொடவில்லை என்றாலும் இரு முனையும் பேசிப் பார்த்துவிட்டு 100-க்கு இறங்கிக்கொள்கின்றன. இணைப்பு அறுவதில்லை, பிழைச் செய்தி வருவதில்லை, பிரவுசிங்கில் தெரிவதும் இல்லை. கனெக்டரை வெட்டிப் புதிது போட்டதும் விளக்கு பச்சையானது, காப்பி 108-க்குப் போனது. மச்சான் வாங்கிய ஸ்விட்ச் பாவம், அதன்மேல் தப்பே இல்லை.

உங்கள் வீட்டில் பார்க்க: விண்டோஸில் ஈதர்நெட் அமைப்புக்குப் போனால் "லிங்க் ஸ்பீடு" என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 இருக்க வேண்டும். 100/100 என்றால் கேபிள், கனெக்டர், அல்லது நடுவில் எங்கோ ஒரு பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச். லேப்டாப் பக்கம் சரியாக இருந்தாலும் நாஸ் பக்கக் கேபிளை மறக்காதீர்கள், அந்த எண் நாஸின் நிர்வாகப் பக்கத்தில் கிடைக்கும். சில ஃபைபர் மோடம்களில் ஒரு துளை மட்டும் கிகாபிட், மற்றவை 100. துளையை மாற்றிச் செருகிப் பார்க்கக் காசு ஆகாது.

வைஃபையில் காப்பி செய்கிறவர்கள் இந்த 11-ஐ வைத்துக் கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம். வைஃபையில் வேகம் சுவருக்குச் சுவர் மாறும். சோதனை என்றால் கேபிள் போட்டுத்தான்.

ஜனவரி 15

"வைஃபையில் இருந்தால் நாஸ் தெரியவே இல்லை, கேபிள் போட்டால் தெரிகிறது" என்று கேட்டவருக்கு.

இணையம் கொடுக்கிறவர்கள் வைத்த ஃபைபர் மோடம் ஒன்று, நீங்கள் வாங்கிய ரவுட்டர் ஒன்று, சரிதானே? லேப்டாப்பின் ஐபியை இரண்டு நிலையிலும் பாருங்கள். ஒன்றில் 192.168.1 என்றும் இன்னொன்றில் 192.168.0 என்றும் ஆரம்பித்தால் உங்கள் வீட்டில் இரண்டு நெட்வொர்க் இருக்கிறது. இணையம் இரண்டிலும் வரும், அதனால் சந்தேகம் வராது. இரண்டாவது ரவுட்டரை ஆக்ஸஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே வீட்டுக்குள் வந்துவிடும். முதல் மூன்று எண்களும் ஒன்றாகவே இருந்தால், வைஃபையில் கெஸ்ட் நெட்வொர்க்கிலோ ஐசொலேஷன் (ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க விடாத அமைப்பு) போட்ட பெயரிலோ சேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஜனவரி 15, கொஞ்ச நேரம் கழித்து

மேலே விட்டுப்போனது. அட்ரஸ் பாரில் இரண்டு பின்சாய்கோடும் நாஸின் ஐபியும், உதாரணமாக \\192.168.1.20 என்று, போட்டுப் பாருங்கள். ஐபி போட்டால் திறந்து, பெயர் போட்டால் திறக்காவிட்டால் பாஸ்வேர்டை நோண்டிப் பயனில்லை. பெயர் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு. ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் நாஸுக்கு ஒரே ஐபியை ஒதுக்கி, அந்த ஐபியிலேயே டிரைவை மேப் செய்துவிடுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் டிரைவ் காணாமல் போகிறது என்பவர்களில் பலருக்கு, திரும்பி எழுந்த ரவுட்டர் நாஸுக்கு வேறு எண் கொடுத்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, "எக்ஸ்ப்ளோரரில் நெட்வொர்க் பட்டியலில் நாஸ் தெரியவில்லை" என்பதும் "நாஸ் திறக்கவில்லை" என்பதும் வேறு வேறு. பட்டியலில் இல்லாமலேயே ஐபி போட்டால் திறக்கும் வீடுகள் ஏராளம். வைஃபையை விண்டோஸ் "பப்ளிக்" என்று வைத்திருந்தால் பட்டியல் காலியாகத்தான் இருக்கும், அதை "பிரைவேட்" ஆக்குங்கள்.

ஜனவரி 18

ராஸ்ப்பெரி பை என்ற சின்ன லினக்ஸ் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் ஒருவர் தனியாகக் கேட்டார், எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே. அந்தக் கம்ப்யூட்டரில் யூஎஸ்பி ஹார்டு டிஸ்க், சாம்பா (லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருள்) மூலம் ஷேர். ஒருநாள் ஷேரைத் திறந்தால் பழைய படம் ஒன்றுகூட இல்லை, அந்த வாரத்துப் படங்கள் மட்டும். ரீபூட் செய்தால் பழையது எல்லாம் இருக்கிறது, அந்த வாரத்துப் படங்களைக் காணோம். வீட்டில் எல்லாரும் பயந்துபோனார்கள்.

எதுவும் அழியவில்லை. லினக்ஸில் டிஸ்க் ஒரு காலி ஃபோல்டரின் மேல் வந்து உட்காரும், அதைத்தான் மவுண்ட் என்பார்கள். டிஸ்க் உட்காராத அன்று, அடியில் இருக்கும் அந்தக் காலி ஃபோல்டர் ஃபோல்டராகவே திறந்து கிடக்கும். சாம்பாவுக்கு வித்தியாசம் தெரியாது, அதையே ஷேர் செய்யும். ஃபோன்கள் இரவில் தாமாக அனுப்பிய படங்கள் அத்தனையும் எஸ்டி கார்டில் போய் விழுந்தன. அடுத்த ரீபூட்டில் டிஸ்க் மேலே வந்து உட்கார்ந்ததும் அவை அடியில் மறைந்துவிட்டன. சாம்பாவை நிறுத்தி, டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, அடியில் இருந்தவற்றை வேறிடத்துக்கு நகர்த்தி, மறுபடி மவுண்ட் செய்து உள்ளே போட்டோம். ஒரு படம்கூடக் குறையவில்லை.

மறுபடி நடக்காமல் இருக்க, டிஸ்க் அன்மவுண்ட் ஆன நிலையில் அந்தக் காலி ஃபோல்டருக்கு "இம்யூட்டபிள்" குறி போட்டுவிடலாம். சாட்டர் கட்டளையில் கூட்டல் குறியோடு ஐ (chattr +i). அப்புறம் டிஸ்க் இல்லாத நாளில் ரூட் யூசரால்கூட அதில் எழுத முடியாது. ஃபோனில் பிழை வரும். வரட்டும், அந்தப் பிழைதான் நமக்கு வேண்டியது.

டிஸ்க் ஏன் உட்காரவில்லை என்பதற்குக் காரணம் மின்சாரம். பை 4-ல் எல்லா யூஎஸ்பி துளைக்கும் சேர்த்து 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். அவர் இரண்டு போர்ட்டபிள் டிஸ்க் செருகியிருந்தார், இரண்டும் ஒன்றாகச் சுழல ஆரம்பிக்கும் நேரத்தில் ஒன்று விழுந்துவிடும். பை 5-ல் 3 ஆம்பியர் அடாப்டர் போட்டால் யூஎஸ்பிக்கு 0.6 மட்டும், 5 ஆம்பியர் அடாப்டர் போட்டால்தான் 1.6. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்கிச் செருகினார், அதற்குப் பிறகு அமைதி.

ஜனவரி 19

மின்சாரம் என்றதும் இன்வெர்ட்டர் கேள்விகள் வந்திருக்கின்றன. பல வீட்டு இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் முறை என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அதில் வைத்தால் கரண்ட் போகும்போது மாறும் நேரம் குறைவு. மற்ற முறையில் ஃபேனும் லைட்டும் சமாளிக்கும், நாஸ் ஒருமுறை அணைந்து எழும். எழுதிக்கொண்டிருக்கும்போது இப்படி அணைந்தால் ஃபைல் சிஸ்டம் அடிவாங்கும். நாஸ், ஸ்விட்ச், ரவுட்டர் மூன்றையும் ஒரே சின்ன யூபிஎஸ்ஸில் போடுங்கள். நாஸை மட்டும் போட்டுவிட்டு ரவுட்டரை விட்டுவிட்டால், லேப்டாப்பில் பாதி காப்பியான ஃபைல்தான் மிஞ்சும்.

ஜனவரி 25

கொஞ்சம் விலகிப் போகிறேன். தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு வரும் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன, வேறு எங்கும் யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

முதலாவது நீளம். விண்டோஸில் ஒரு பெயரில் 255 குறிகள் வரை போகலாம். நாஸ் பெட்டிகளில் பெரும்பாலும் லினக்ஸ், அங்கே கணக்கு 255 பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழ்க் குறி மூன்று பைட். அதுவும் நாம் ஓரெழுத்து என்று நினைப்பது அங்கே இரண்டு. "திருமணம்" கண்ணுக்கு ஐந்தெழுத்து. உள்ளே த, இகரக் குறி, ர, உகரக் குறி, ம, ண, ம, புள்ளி என்று எட்டு, மொத்தம் 24 பைட். ஆக 85 குறிகளில் பெயர் முடிந்துவிட வேண்டும். ஊர், மண்டபம், தேதி, மாப்பிள்ளை பெண் பெயர் எல்லாம் சேர்த்து வைத்த கல்யாண ஆல்பம் ஃபோல்டர் விண்டோஸில் நன்றாக இருந்துவிட்டு, நாஸுக்குப் போகும்போது மட்டும் நிற்பது இதனால்தான். சில பெட்டிகளில் என்கிரிப்ட் செய்த ஷேர் என்றால் எல்லை 143 பைட், தமிழில் 47 குறி. பெயரைச் சுருக்கினால் போகும், டிஸ்க்கைச் சோதிக்க வேண்டாம்.

இரண்டாவது கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள். யூனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வோடு "ொ" என்ற ஒரே குறி, அல்லது ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான். பழைய மேக்குகள் ஃபைல் பெயரைப் பிரித்துத்தான் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து ஆர்சிங்க் என்ற காப்பிக் கருவி வழியாக நாஸுக்கு ஏற்றி, அதே ஃபோல்டரை விண்டோஸிலிருந்தும் ஏற்றினால் "கோயில்" என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர் நிற்கும். அம்மாவின் கோயில் படங்களில் எனக்கு இது நடந்தது. ஒரு கோயிலில் பாதி, இன்னொரு கோயிலில் மீதி. தேடினால் ஒன்று மட்டும் கிடைக்கும். ஆர்சிங்க்கில் ஐகான்வ் என்ற தேர்வு இதற்கு உதவும், மேக்கின் பிரித்த வடிவைச் சேர்த்த வடிவாக மாற்றியே அனுப்பும். ஏற்கெனவே இரட்டையாகிவிட்டால் ஒன்றின் பெயரை மாற்றி, உள்ளே இருப்பதை மற்றதில் சேர்த்துவிட்டு, பிறகு அழியுங்கள். பெயர் ஒன்றுதானே என்று பார்க்காமல் அழித்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 2

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: யூசர் உருவாக்கி, பழைய கிரெடென்ஷியலை நீக்கியதும் ப்ரோ லேப்டாப்பில் திறந்துவிட்டது. ஃபைபர் மோடத்தில் துளை மாற்றியதும் வேகம் 100-ஐத் தாண்டியது. டிஸ்க் மாற்றவில்லை. மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

"அப்படியானால் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாமா" என்று கேட்கிறார். நாஸின் நிர்வாகப் பக்கத்தில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்துவைக்கும் பதிவு) பக்கத்தைத் திறந்து மூன்று வரி பாருங்கள். 5 (இடம்மாற்றிய செக்டர்), 197 (காத்திருக்கும் செக்டர்), 198 (திருத்த முடியாதது). மூன்றிலும் கடைசி நிரலில் பூஜ்யம் என்றால் நல்லது. 197-ல் எண் இருந்து, அடுத்த வாரம் அது கூடியிருந்தால் அன்றே காப்பி எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். கடைக்காரர் சொன்னது அப்போது பொருந்தும். 199 மட்டும் ஏறுகிறது என்றால் டிஸ்க் அல்ல, சாட்டா கேபிளும் அது செருகும் இடமும்.

உங்கள் பெட்டியில் இரண்டு டிஸ்க் ரெய்டு 1-ல் (இரண்டிலும் ஒரே நகல் இருக்கும் முறை) இருப்பதால் பேக்கப் தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ரெய்டு ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். ஒரு ஃபோல்டரைக் கை தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மை புக் லைவ் பெட்டிகள் இணையம் வழியாகத் தாக்கப்பட்டு, உலகெங்கும் பலர் காலையில் எழுந்தபோது உள்ளே ஒன்றுமே இல்லை. அப்பா காலத்துப் படங்கள் என்கிறீர்கள். ஒரு போர்ட்டபிள் டிஸ்க்கில் எடுத்து, கேபிளைக் கழற்றி, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். டிஸ்க் வாங்க ஒதுக்கிய காசு அதற்குச் சரியாக இருக்கும்.

பிப்ரவரி 3

பழைய டிவியில் நாஸ் தெரியவில்லை என்ற கேள்விக்கு: அந்த டிவி எஸ்எம்பி 1 மட்டும் பேசுவதாக இருக்கலாம். டிவிக்காக அதைத் திறக்க வேண்டாம். நாஸில் டிஎல்என்ஏ (டிவிகளுக்குப் படம், வீடியோ காட்டும் முறை) மீடியா சர்வரை ஆன் செய்து, வீடியோ ஃபோல்டரை மட்டும் அதில் காட்டுங்கள். கடைக் கணக்கு இருக்கும் ஃபோல்டரைச் சேர்க்காதீர்கள், டிஎல்என்ஏவில் பெரும்பாலும் பாஸ்வேர்டு கேட்காது.